வசூல் யாருக்கு? எம்.எஸ். கொடைகளின் கதை

எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1974-இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும். எந்தப் பிரிவில் கிடைத்தது என்று கேட்டால் பெரும்பாலும் தவறான பதில்தான் வரும். சங்கீதத்துக்கு என்று கச்சேரி ரசிகர்களே சொல்வார்கள். விருதுப் பட்டியலில் அவருடைய பெயர் இருப்பது ‘பொதுச் சேவை’ என்ற தலைப்பின் கீழ். அதே விருது 1992-இல் ரவிசங்கருக்குப் போனபோது அது இதழியல், இலக்கியம், படைப்புக் கலைகளுக்கான பிரிவில் போனது. 2016-இல் டி.எம். கிருஷ்ணா பெற்றது இளம் தலைமைக்கான பிரிவில். விருதுபெற்ற இந்த மூன்று இசைக் கலைஞர்களில், மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் வழக்கமாக உட்காரும் வரிசையில் இடம் கிடைத்தவர் எம்.எஸ். ஒருவர்தான்.

மணிலாவில் இந்த விருதைத் தீர்மானித்தவர்கள் வகை தெரியாமல் செய்த குழப்பம் அல்ல இது. அவருடைய பாட்டையும், பொதுக் காரியங்களுக்கு அந்தப் பாட்டு ஈட்டிக் கொடுத்த நிதியையும் சேர்த்தே பார்த்தார்கள். அப்படிப் பார்த்தது சரிதான். இந்த இரண்டையும் பிரித்தால் எம்.எஸ்ஸின் வாழ்க்கையில் பாதி புரியாமல் போகும்.

எம்.எஸ். பற்றி எழுதுபவர்கள் தவறாமல் எடுத்தாளும் கணக்கு ஒன்று உண்டு: இருநூறுக்கும் மேற்பட்ட நிதியுதவிக் கச்சேரிகள், ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் வசூல். இந்தக் கோடியை இன்றைய கோடியாக நினைத்துவிடக் கூடாது. இந்தியா விடுதலை பெற்ற ஆண்டில் பத்து கிராம் தங்கம் தொண்ணூறு ரூபாய்க்குள் கிடைத்தது. மகசேசே விருது வந்த 1974-இல் அது ஐந்நூறைத் தாண்டியிருந்தது. 1940-களில் வசூலான ஆயிரத்தையும் 1980-களில் வசூலான ஆயிரத்தையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டினால் வரும் தொகை காதுக்கு இனிமையாக இருக்கும். பெரிதாக எதையும் சொல்லாது. எவ்வளவு என்பதைவிட எப்படி என்று கேட்பதே இங்கே பயன்தரும்.

பணக்காரர் கொடுப்பதற்கும் பாடகர் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆலை முதலாளி சம்பாதித்து, சேர்த்து, மிஞ்சியதில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கிறார். எம்.எஸ். கொடுத்த முறை வேறு. அவருடைய கைக்கு வருவதற்கு முன்பே பணம் வேறு இடத்துக்குப் போய்விடும். ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ கோயில் திருப்பணிக்கோ நிதி வேண்டுமென்றால், அதன் குழுவினர் கச்சேரிக்குத் தேதி கேட்பார்கள். தேதி கிடைத்த நாளிலிருந்து அவர்கள் வேலை தொடங்கும். முன்வரிசை நன்கொடை டிக்கெட்டுகளை ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கொண்டுபோக வேண்டும். மலர் போட்டு, ஜவுளிக்கடையிலும் வங்கியிலும் விளம்பரம் பிடிக்க வேண்டும். மண்டப வாடகை, பக்கவாத்தியக்காரர்கள், அச்சுக்கூலி, பந்தல் செலவு போக மீதி நிதிக்குச் சேரும். இந்த ஏற்பாட்டில் மிகப் பெரிய செலவு பிரதான பாடகரின் சன்மானம்தான். அந்த ஒரு வரியில் பூஜ்யம் விழுந்துவிட்டால் கச்சேரி வருமானத்தின் கணக்கே மாறிவிடுகிறது. எம்.எஸ். செய்தது அதைத்தான். அவருடைய பெயருக்காகவே டிக்கெட் விற்றுத் தீரும். விற்ற பணத்தில் அவருக்குப் பங்கு இல்லை.

இந்த இயந்திரத்தை ஓட்டியவர் அவருடைய கணவர் தியாகராஜன் சதாசிவம். அவர் காங்கிரஸ் தொண்டர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், ராஜாஜியின் அணுக்கர். இந்த மூன்றையும்விட நம் கதைக்கு முக்கியமான தகுதி இன்னொன்று: ஆனந்த விகடனில் விளம்பரப் பிரிவைக் கவனித்தவர். யாரிடம் எவ்வளவு கேட்கலாம், எப்போது கேட்கலாம், கேட்ட பிறகு எப்படி நன்றி சொல்ல வேண்டும் என்பதைத் தொழிலாகவே கற்றவர். கச்சேரியின் தேதி, இடம், பாட்டுப் பட்டியல் வரை அவருடைய கண்ணில் படாமல் எதுவும் நடந்ததில்லை.

இருவருக்கும் 1940-இல் திருநீர்மலையில் திருமணம் நடந்தது. மறு ஆண்டே எம்.எஸ்ஸின் குரலும் முகமும் ஒரு முதலீடாக மாறின. சதாசிவமும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் விகடனை விட்டு வெளியேறி, சொந்தமாகப் பத்திரிகை தொடங்க நினைத்தார்கள். கையில் பணம் இல்லை. ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் எம்.எஸ்ஸைத் தேடி வந்தது. கதாநாயகி வேடத்தில் மராத்தி நடிகை சாந்தா ஆப்தே. எம்.எஸ். ஆண் வேடம் போட்டார். அந்தச் சம்பளம்தான் ‘கல்கி’ வார இதழின் முதல். 1941 ஆகஸ்டில் இதழ் வெளிவந்தது. பின்னாளில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்த பக்கங்களுக்கு ஒரு பாடகி நாரதராக நடித்துப் பெற்ற கூலி அடியில் கிடக்கிறது. இதைத் தருமம் என்று கணக்கில் சேர்க்க முடியாது, குடும்பத் தொழிலுக்குப் போட்ட பணம் என்று ஒருவர் வாதிடலாம், நியாயம்தான். ஆனால் பிற்காலத்து ஒழுங்கு இங்கேயே தொடங்கிவிட்டது. உழைப்பு எம்.எஸ்ஸுடையது. அதன் பலன் எங்கே போக வேண்டும் என்பது அவருக்கு வெளியே முடிவாகும்.

பொதுக் காரியம் என்று பெயர் சொல்லி அவர் பாடத் தொடங்கியதற்கு நாள் குறிக்க வேண்டுமென்றால் 1944-ஐச் சொல்லலாம். அந்த ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி, புனே ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா காந்தி இறந்தார். அவருடைய நினைவாகக் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என ஒரு நிதி திரட்ட முடிவாயிற்று. காந்தியின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளான அக்டோபர் 2-க்குள் எழுபத்தைந்து லட்சம் ரூபாய் என்பது இலக்கு. வந்தது அதற்கும் மேல். அந்த நிதிக்காக எம்.எஸ். ஐந்து கச்சேரிகள் செய்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தேழு. காந்தி நன்றி தெரிவித்து எழுதிய கடிதத்தில் தமிழில் கையெழுத்திட்டிருந்தார்.

ஒரு கேள்வியை இங்கே தள்ளிவிட்டுப் போக முடியாது. மேடைப் பாட்டுக்குக் காசு வாங்கும் ஆண் வித்வான் எவரையும் அந்தக் காலம் கேள்வி கேட்கவில்லை. பெண்ணைக் கேட்டது, அதிலும் இசை வேளாளர் குலத்தில் பிறந்த பெண்ணைக் கூர்மையாகவே கேட்டது. மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர் எம்.எஸ். அவருடைய தலைப்பெழுத்துகளில் ‘எம்’ ஊரைச் சொல்கிறது, ‘எஸ்’ தாயைச் சொல்கிறது. தேவதாசி ஒழிப்பு இயக்கம் உச்சத்தில் இருந்து, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டமாக முடிந்த காலம் அது. அந்தக் குலத்துப் பெண் பொதுமேடையில் பாடிப் பணம் பெறுவதை ஊர் ஒரு கண்ணால் பார்த்தது. கஸ்தூரிபா நினைவு நிதிக்குப் பாடுவதை வேறு கண்ணால் பார்த்தது. ‘வசூல் யாருக்கு?’ என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், ‘பாடுபவர் யார்?’ என்ற கேள்வியை மெல்ல அமுக்கிவிட்டது. கொடை எம்.எஸ்ஸுக்கு மரியாதையையும் வாங்கிக் கொடுத்தது என்று சொல்வது அவருடைய மனத்தைச் சந்தேகிப்பது ஆகாது. அவர் மனதாரக் கொடுத்தார். ஊரும் அதற்கு ஒரு விலை வைத்திருந்தது.

டி.எம். கிருஷ்ணா 2015-இல் எழுதிய நீண்ட ஆங்கிலக் கட்டுரை இந்த இடத்தைத் தொட்டபோது பலருக்குக் கோபம் வந்தது. மதுரைப் பெண் எப்படிப் படிப்படியாக ஒரு பிராமண இல்லத்தரசியின் பிம்பத்துக்குள் வார்க்கப்பட்டார், அதில் அவருடைய இசை எதை இழந்தது என்பது அந்தக் கட்டுரையின் கவலை. அந்த வாதத்தில் பாதி ஏற்கத்தக்கது. மீதிப் பாதியில் ஒரு குறை: கொடையையும் சதாசிவம் வரைந்த பிம்பத்தின் ஒரு கோடாகவே பார்த்தால், எம்.எஸ். பிறந்த மரபில் கொடுப்பது எவ்வளவு பழையது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அது சோழர் காலம் வரை போகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, வீடும் ஆளுக்கு நூறு கலம் நெல்லும் ஒதுக்கிய கல்வெட்டு நமக்குப் பாடப்புத்தகத்திலேயே பழக்கம். அதனால் கோயில் பெண்கள் என்றால் பெறுபவர்கள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பெண்களைத் தேடித் தொகுத்த லெஸ்லி ஓர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. கல்வெட்டுகளில் அவர்கள் ஆடுபவர்களாகவும் பாடுபவர்களாகவும் தென்படுவதைவிடக் கொடுப்பவர்களாகவே அதிகம் தென்படுகிறார்கள். விளக்குக்கு, பூசைக்கு, திருவமுதுக்கு என்று தங்கள் பெயரிலேயே தானம் எழுதிவைத்திருக்கிறார்கள். கொடை அவர்களுக்குக் கோயிலில் ஒரு நிலையையும் சில உரிமைகளையும் பெற்றுத் தந்தது. மணமுடித்த குடும்பப் பெண்ணுக்குக் கணவன் பெயரால் வந்த தகுதி, இவர்களுக்குக் கல்லில் வெட்டிய தானத்தால் வந்தது.

இந்த வரிசையில் நம் காலத்துக்கு மிக அருகே நிற்பவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் பிறந்த இவர் சென்னையில் கச்சேரி செய்து சொத்தும் நகையும் சேர்த்தவர். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி புதர் மண்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, 1920-களில் அந்த இடத்தை வாங்கி, தன் சொந்தப் பணத்தில் அங்கே கோயில் எழுப்பினார். வேடிக்கை என்னவென்றால், அவர் கட்டிய கோயிலில் ஆராதனை நடத்திய ஆண்களின் கட்சிகள் பெண்களைப் பாட விடவில்லை. அம்மாள் சண்டை போட்டுச் சோர்ந்துவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்திக் காட்டினார். 1940-களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றான பிறகுதான் எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கம் வந்தது. மிச்சமிருந்த சொத்தையும் அவர் அந்த இடத்துக்கே எழுதிவைத்தார். 1952-இல் இறந்த அவருக்கும் தியாகராஜர் சன்னிதிக்கு எதிரிலேயே சமாதி. ஆராதனை நாளில் பஞ்சரத்தினம் பாடப்படும்போது அவருடைய சிலை எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

நாகரத்தினம்மாளுக்கும் எம்.எஸ்ஸுக்கும் இடையில் ஒரே ஒரு தலைமுறை இடைவெளி. முன்னவர் சேர்த்துவைத்துக் கொடுத்தார். எதற்குக் கொடுப்பது என்பதைத் தாமே தீர்மானித்தார். கொடுத்த இடத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னவர் சேர்க்காமலே கொடுத்தார். தேர்வை வீட்டாரிடம் விட்டார். எந்த இடத்திலும் உரிமை கேட்கவில்லை. எது உயர்ந்தது என்று தராசு பிடிப்பதில் பொருளில்லை. ஆனால் தனக்கென்று ஒரு குரலை வைத்துக்கொண்டு கொடுத்தவர் நாகரத்தினம்மாள் என்பதையும், குரலையே கொடுத்துவிட்டவர் எம்.எஸ். என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

நிதிக்கச்சேரி என்றதும் உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு நிகழ்ச்சியை. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரி. ஒரே நாளில் இரண்டு காட்சிகள், சுமார் நாற்பதாயிரம் பேர். வாசல் வசூலான 2,43,418 டாலரும் சில்லறையும் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெருந்தொகை, முன்கூட்டியே அறநிதி என்று முறைப்படி பதிவுசெய்யாததால், அமெரிக்க வரித்துறையின் பிடியில் பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. அகதிகள் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பணம் வந்துசேரவில்லை. கொடுக்கும் மனம் இருந்தால் மட்டும் போதாது, கணக்குப் பிள்ளையும் கூட இருக்க வேண்டும் என்று உலகத்து நட்சத்திரங்கள் கற்றுக்கொண்ட நாள் அது. சதாசிவத்தைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், முப்பதாண்டுகளுக்கு முன்பே இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

வெளியே கணக்குப் பார்த்த வீட்டில் உள்ளே பார்க்க ஆள் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் எம்.எஸ்ஸும் சதாசிவமும் வாழ்ந்த ‘கல்கி கார்டன்ஸ்’ பெரிய வளாகம். ராஜாஜி வந்துபோவார், வடக்கிலிருந்து வரும் வித்வான்கள் தங்குவார்கள், பந்தியில் இலை போட்டுக்கொண்டே இருப்பார்கள். 1970-களில் பண நெருக்கடி முற்றி அந்த இடத்தை விற்க வேண்டிவந்தது. தம்பதியர் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஊருக்கெல்லாம் லட்சக்கணக்கில் திரட்டிக் கொடுத்தவருக்கு, அறுபதைத் தாண்டிய வயதில், மாதச் செலவு கவலையாயிற்று.

அப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி.வி.ஆர்.கே. பிரசாத். அவர் பிற்காலத்தில் எழுதிய அனுபவ நூலில் இந்த இடம் சுவாரசியமானது. எம்.எஸ்ஸுக்கு உதவ வேண்டும். ஆனால் உதவி என்று சொன்னால் அவர்கள் வாங்க மாட்டார்கள். கொடுத்தே பழகியவரிடம் கொடுப்பது எப்படி? தேவஸ்தானம் கண்டுபிடித்த வழி, வேலை கொடுப்பது. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைப் பாடித் தாருங்கள் என்று கேட்டார்கள். நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி மெட்டமைத்துச் சொல்லிக்கொடுத்தார். வயது அறுபதைக் கடந்த பாடகி, தாய்மொழி அல்லாத தெலுங்கின் ஒவ்வொரு எழுத்தையும் நாவில் உட்காரவைத்து, புதிய மாணவியைப் போலப் பாடம் செய்தார். 1980-லிருந்து வெளியான ‘பாலாஜி பஞ்சரத்ன மாலா’வின் ஐந்து எல்.பி. தட்டுகள் அப்படி உருவானவை. அன்னமாச்சாரியார் தெலுங்கு நாட்டுக்கு வெளியே வீடுவீடாகப் போய்ச் சேர்ந்ததில் இந்தத் தட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வருமானத்துக்காகத் தொடங்கிய ஒரு காரியம், எம்.எஸ்ஸின் வாழ்க்கையில் மிகச் சிறந்த இசைப் பணிகளில் ஒன்றாக முடிந்தது. அவருக்கு ஒருமுறையாவது பணம் போய்ச் சேர வேண்டும் என்று யாரோ மெனக்கெட்டதால் நமக்குக் கிடைத்த லாபம் அது.

விருதுகளோடு வந்த பணமும் வீட்டில் தங்கவில்லை. மகசேசே விருதின் பத்தாயிரம் டாலர் அறப்பணிகளுக்கே போனது. சதாசிவம் 1997 நவம்பரில் இறந்த பிறகு எம்.எஸ். பொதுமேடையில் பாடவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா வந்தது. இசைக் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த விருதோடு பணம் எதுவும் கிடையாது; கொடுக்கவும் எதுவும் இல்லை. 2004 டிசம்பர் 11 அன்று அவர் மறைந்தார்.

நிதிக்கச்சேரி அன்றிரவோடு முடிந்துவிடும். முடியாமல் நீண்ட கொடை ஒன்று உண்டு. 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட வெங்கடேச சுப்ரபாதம். டீக்கடையிலும் பேருந்து நிலையத்திலும், விடியற்காலையில் கோலம் போடும் வாசல்களிலும் அறுபதாண்டுகளாக ஒலிக்கும் அந்த இசைத்தட்டின் ராயல்டியை எம்.எஸ். தமக்கென வைத்துக்கொள்ளவில்லை, தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பணம் அதிகம் வந்த தட்டையே தேர்ந்து கொடுத்தாரா, கொடுத்த பிறகு அது அப்படி விற்றதா என்றெல்லாம் ஆராய வேண்டியதில்லை. ஒருமுறை பாடிய பாட்டு, பாடியவர் தூங்கும்போதும் பிறருக்காகச் சம்பாதித்துக்கொண்டே இருந்தது. வேதம் ஓத வந்த ஏழை மாணவனின் சோற்றில் எங்கோ ஒரு வீட்டுக் கேசட்டின் காசு கலந்திருந்தது. இருநூறு கச்சேரிகளையும் ஒரு தட்டில் வைத்து இதை மறு தட்டில் வைத்தால், இதுவே கனக்கும் என்று தோன்றுகிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு, வெளியான ஆண்டை அடுத்து அறுபது ஆண்டுகள். அந்தக் கணக்கில் 1963-இன் சுப்ரபாதத்துக்கு 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலம் முடிந்துவிட்டது. 2024 ஜனவரி முதல் நாள் விடிகாலையிலும் அதே குரல் அதே கடைகளில் கேட்டது. காசு கேட்கும் சட்டம்தான் அன்று இல்லை.